பதினேழு ஒன்று

வேனை ஸ்டார்ட் பண்ணியாச்சு. பின்னால தையல் மெஷின், அது மேல சுருட்டின பாய், அதுக்கும் மேல பெரிய சோத்துப் பானை. சித்தீக் நானா கயிறு இழுத்துக் கட்டிக்கிட்டே, யட்டவத்தையில இருக்கிற தன் வீட்டுக்கு போன் லைனுக்கு எழுதிக் குடுத்திருக்கிறதாகவும் சீக்கிரத்துல வந்துரும்னும் என்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தார். அவர் பரீதா டீச்சரோட அண்ணன், அவங்க பேச்சுல நானா. தங்கச்சியைத் தன் வீட்டோட கூட்டிப் போக வந்திருந்தார்.

பரீதா டீச்சர் வாசல்ல நின்னாங்க. இத்தா முடிஞ்சு அன்னைக்குத்தான் வெளியில கால் வச்சாங்க. புருஷன் மவுத்தாகிட்டா முஸ்லிம் பொம்பளைங்க நாலு மாசமும் பத்து நாளும் வீட்டோட இருப்பாங்க இல்லையா, அந்த இத்தா. இத்தனை நாளும் நிழல்லயே இருந்தவங்களுக்கு மாத்தளை வெயில் தாங்கல, கண்ணைச் சுருக்கிக்கிட்டு நின்னாங்க.

என் கையைப் பிடிச்சு மதிலோரமா கூட்டிட்டுப் போனாங்க. ஒரு வார்த்தை முன்னுரை இல்ல. ஒவ்வொரு இலக்கமா, மெதுவா சொன்னாங்க.

"ரெண்டு, பூச்சியம், ஏழு, ஒன்று, ஏழு, ரெண்டு, மூணு. திருப்பிச் சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். சரியாத்தான் சொன்னேன். அவங்க தலையை ஆட்டிட்டுப் போய் வேன்ல ஏறிட்டாங்க. நான் கையை ஆட்டிக்கிட்டு நின்னேன், வேன் திரும்பி மறைஞ்சிருச்சு. அதுதான் நான் அவங்களைக் கடைசியாப் பார்த்தது.

ஒரு தாளோட ஓரத்துல

ஸ்டாஃப் ரூம் தேத்தண்ணி பத்தி இந்தப் பக்கத்துல போன வாரம் எழுதினதைப் படிச்சிட்டு, பழைய மாணவி ஒருத்தி என்னை வழியில மறிச்சா. "பரீதா டீச்சரைப் பத்தி ஏன் டீச்சர் ஒரு வரிகூட எழுதல?" எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்திருச்சு. எழுதாம இருந்ததுக்குக் காரணம் இருந்துச்சு. அந்தக் காரணம் தப்புன்னு எனக்கே இப்போதான் தெரிஞ்சுது. அதனால இந்த வாரம் அவங்கதான்.

ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்ல கணக்கு டீச்சர். நான் தேயிலைத் தோட்டத்துல இருந்து படிச்சு வந்தவ, வாய் கொஞ்சம் நீளம். அவங்க மாத்தளை டவுன்லயே தலைமுறை தலைமுறையா இருக்கிற குடும்பம், கிராம்பு வியாபாரியோட சம்சாரம். நான் பத்து வார்த்தை பேசினா அவங்க ஒண்ணு பேசுவாங்க. அந்த ஒண்ணும் பெரும்பாலும் என்னைத் திருத்துறதாத்தான் இருக்கும்.

பரீட்சை மேற்பார்வை மாதிரி அலுப்பான வேலை உலகத்துலயே கிடையாது. அப்படி ஒரு காலையில பரீதா டீச்சர் மிச்சத் தாள் ஒண்ணோட ஓரத்துல ஒன்று, ஒன்று, ஒன்றுன்னு எழுதிக்கிட்டே போனாங்க. நான் எட்டிப் பார்த்தேன். "எதால போகும்?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் ஆரம்பம்.

கணக்குன்னாலே பக்கத்தைத் திருப்புறவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். தன்னாலயும் ஒன்றாலயும் மட்டும் மீதியில்லாம வகுபடுற எண் முதன்மை எண். வேற எதாலயாவது வகுபட்டா அது சேர்த்தி எண். ரெண்டு ஒன்று போட்டா பதினொன்று, அது முதன்மை எண். மூணு ஒன்று போட்டா 111, மூணால போயிரும். நாலு போட்டா பதினொன்றால போகும். அஞ்சு போட்டா 41ஆல.

ஆறு ஒன்றுக்கு மண்டையைக் குழப்பவே வேண்டாம். மூணு மூணாப் பிரிச்சா 111 ரெண்டு தடவை நிக்குது, அதனால 111 அதைக் கட்டாயம் வகுக்கும். அதாவது, எத்தனை ஒன்றுங்கிற எண்ணிக்கையே சேர்த்தியா இருந்தா, அந்த நீட்டு எண்ணும் சேர்த்திதான். எண்ணிக்கை முதன்மையா இருந்தாத்தான் சந்தேகம். ஏழு ஒன்று 239ஆல உடைஞ்சுது. பதினொரு ஒன்று எங்களை மாசக்கணக்கா அலைக்கழிச்சுட்டு 21649ஆல உடைஞ்சுது. பதின்மூணு ஒன்று 53ஆலயே பொசுக்குன்னு போயிருச்சு.

அடுத்தது பதினேழு. 11111111111111111. அது அசையல.

பாகம் பிரிச்ச கதை

பரீதா டீச்சர் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டு வந்தாங்க. இந்தப் பதினேழு ஒன்றை வகுக்கிற முதன்மை எண் எதுவா இருந்தாலும், அதை 34ஆல வகுத்தா ஒன்று மிஞ்சியே ஆகணும். ஏன்னு கேட்டா இந்தப் பக்கம் பத்தாது, நம்பிக்கோங்க. அதனால எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்க வேண்டாம். 35, 69, 103, 137, 171ன்னு முப்பத்தினாலு முப்பத்தினாலாத் தாவினாப் போதும்.

அந்த வரிசையில அஞ்சுல முடியுறதைத் தள்ளிட்டா, மிச்சமெல்லாம் ஒன்பது, மூணு, ஏழு, ஒன்றுல முடியும். ஒன்பதும் ஒன்றும் எனக்கு, மூணும் ஏழும் அவங்களுக்கு. காணியைப் பாகம் பிரிக்கிற மாதிரி பிரிச்சுக்கிட்டோம். ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து நெடுக்க வகுக்கணும். கால்குலேட்டர்ல பதினேழு இலக்கம் நிக்காது, கையாலதான் செய்யணும்.

இதையெல்லாம் உலகத்துல எங்கேயோ யாரோ எப்பவோ முடிச்சிருப்பாங்கன்னு எங்களுக்கும் தெரியும். அந்தப் புத்தகம் மாத்தளைக்கு வரல, நாங்களும் தேடிப் போகல. ஸ்கூல் விட்டதும் அவங்க வீட்டுக்குப் போவேன். இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத பிளேன்டியும் ஒரு துண்டு கருப்பட்டியும் வரும். வீடு முழுக்க கிராம்பு வாசம் அடிக்கும். ஆளுக்கு ரெண்டு மூணு எண்ணை வகுத்துப் பார்த்துட்டு, போகலன்னு தெரிஞ்சதும் சிரிச்சுக்கிட்டு எந்திரிச்சு வருவேன். வருஷக்கணக்கா இதுதான் நடந்துச்சு. என் வீட்டுக்காரர் இதை ஊர் உலகத்துல இல்லாத கிறுக்குன்னுவார்.

கிறுக்குதான். என் கொழுந்தன் கல்யாணத்துல மொய்யா ஆயிரத்தொன்று வச்சாங்க. ஒன்று சேர்த்து வச்சா உறவு பிரியாதுன்னு பெரியவர் ஒருத்தர் விளக்கம் சொன்னார். பக்கத்துல இருந்த பரீதா டீச்சர் ரொம்ப மரியாதையா, "ஆயிரத்தொன்று ஏழாலயும் பதினொன்றாலயும் பதின்மூணாலயும் பிரியும்ங்க. நூற்றியொன்றுதான் பிரியாது"ன்னாங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க மூஞ்சி தொங்கிப் போச்சு. அந்தப் பந்தியில எனக்கு ரசமே வரல.

ரெண்டாவது மார்க்கர்

இங்க ஒண்ணு சொல்லியாகணும். ஓ.எல். பரீட்சைப் பேப்பர் மார்க்கிங்குக்குப் போனவங்களுக்குத் தெரியும், முதல் மார்க்கர் போட்ட புள்ளியை ரெண்டாவது மார்க்கர் பார்க்கக்கூடாது. முதல் ஆளும் வாயைத் திறக்கக்கூடாது. தெரிஞ்சா கை தானா அந்தப் பக்கம் சாயும்.

அதையே எங்க ஆட்டத்துக்கும் நான்தான் சட்டமாக்கினேன். காரணி கிடைச்சா "கிடைச்சிருச்சு"ன்னு குதிக்கக்கூடாது. எண்ணை மட்டும் குடுக்கணும், வேற ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. மத்த ஆள் தனியா வகுத்துப் பார்த்துட்டு, சரின்னா "மீதி பூச்சியம்"னு சொல்லணும். அது வரைக்கும் கேட்கவும் கூடாது, நச்சரிக்கவும் கூடாது.

பதினொரு ஒன்றை உடைச்சது நான். 21649ன்னு ஒரு துண்டுல எழுதி அவங்க மேசையில வச்சிட்டு வகுப்புக்குப் போயிட்டேன். பாடம் நடத்தினேனா உளறினேனான்னு எனக்கே ஞாபகம் இல்ல. மணியடிச்சதும் பரீதா டீச்சர் என் வகுப்பு வாசல்ல வந்து நின்னாங்க. விரலெல்லாம் மை. "மீதி பூச்சியம்" அப்படின்னாங்க. அவங்க பல்லைக் காட்டிச் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

பதினேழு ஒன்று விஷயத்துல எங்களுக்குள்ள ஒரு தகராறு இருந்துச்சு. அது உடையவே உடையாதுன்னு நான் ஆசைப்பட்டேன். "உடையும் டீச்சர், எதாலன்னுதான் தெரியல"ன்னு அவங்க சொல்லுவாங்க. வகுத்துப் பார்த்த எண் பதினஞ்சு லட்சத்தைத் தாண்டியிருந்தப்போ அவங்க வீட்டுக்காரர் கடையில உக்காந்திருந்த இடத்துலயே போய்ச் சேர்ந்துட்டார்.

இத்தாவுல இருந்தப்போ அடிக்கடி போய் அவங்க பக்கத்துல உக்காந்திருப்பேன். வெள்ளை உடுத்தி, சுவரைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. துக்க வீட்டுல கணக்கைப் பத்திப் பேசுறது மரியாதையில்லன்னு நான் அந்தப் பேச்சையே எடுக்கல. என் பங்கையும் நிறுத்தி வச்சிருந்தேன். அவங்களும் நிறுத்தியிருப்பாங்கன்னு நானே முடிவு கட்டிக்கிட்டேன்.

மூணு பாஷையில

அவங்க யட்டவத்த போன கையோட எனக்கு ஹட்டன் பக்கம் டிரான்ஸ்ஃபர் வந்துச்சு. ஊர் போன் நம்பருக்கெல்லாம் முன்னால ரெண்டைச் சேர்த்து ஏழு இலக்கமா மாத்தியிருந்த காலம் அது. மாத்தளை நம்பர் எல்லாமே ரெண்டுலதான் தொடங்கும். இப்போ நீங்களே சொல்லுங்க. போன் வரப்போகுதுன்னு அண்ணன் சொல்லி வாய் மூடல, தங்கச்சி ரெண்டுல தொடங்குற ஏழு இலக்கத்தைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கிறாங்க. யாரா இருந்தாலும் என்ன நினைப்பாங்க?

ஹட்டன்ல ஒரு போன் கடையில இருந்து அடிச்சேன். அப்படி ஒரு இலக்கம் புழக்கத்துல, பாவனையில இல்லன்னு ஒரு பொம்பளைக் குரல் மூணு பாஷையிலயும் சொல்லுச்சு. லைன் இன்னும் வரல போலன்னு விட்டுட்டேன். அடுத்த மாசம் அடிச்சேன், அதே குரல். அதுக்கடுத்த மாசமும் அதே குரல். தீபாவளிக்கு அடிச்சேன், பெருநாளைக்கும் அடிச்சேன். கடைக்காரனே என்னைப் பார்த்துப் பாவப்படத் தொடங்கிட்டான்.

அப்புறம் எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். பொய் நம்பர் குடுத்தா என்ன அர்த்தம்? வராதேன்னு அர்த்தம். அண்ணன் வீட்டுல நான் போய் வாறது பிடிக்கல போல, அதை மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம இப்படிக் கழட்டி விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இதுதான் மரியாதையான்னு தனியா உக்காந்து அழுதேன். பதினேழு ஒன்றைத் தூக்கிப் போட்டேன். அவங்க பேரை யாராவது எடுத்தாப் பேச்சை மாத்திருவேன். அந்தப் பொய் நம்பர் மட்டும் முள்ளு மாதிரி மனசுல நின்னுருச்சு. பரீதா டீச்சர்கிட்ட இருந்தும் ஒரு கடுதாசி, ஒரு செய்தி வரல. அதோட என் சந்தேகம் உறுதியாயிருச்சு.

பிரதேச செயலகத்து பெஞ்சு

பென்ஷன் எடுத்து, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு, போன வருஷம் மாத்தளைக்கே திரும்பி வந்தேன். பென்ஷன்காரங்க வருஷா வருஷம் உசிரோட இருக்கோம்னு ஆபீஸ்ல போய்க் கையெழுத்து வைக்கணும். இந்த வருஷம் அதுக்காக பெஞ்சுல உக்காந்திருந்தேன். முன்னால நீளக் கியூ. கையில போன் இருந்துச்சு. எண்ணைப் போட்டாக் காரணியைக் காட்டுற பக்கம் ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டிருந்தேன். சும்மாதான் பதினேழு ஒன்றைத் தட்டினேன்.

கண்ணை மூடித் திறக்கல, விடை வந்திருச்சு. 2071723 × 5363222357.

முதல் எண்ணை வாய்க்குள்ள வாசிச்சேன். ரெண்டு, பூச்சியம், ஏழு, ஒன்று, ஏழு, ரெண்டு, மூணு. மூணுல முடியுது. அவங்க பங்கு.

என் பேரைக் கூப்பிட்டிருக்காங்க, எனக்குக் காது கேக்கல. பக்கத்துல இருந்த சிங்கள அம்மா தோளைத் தட்டித்தான் எந்திரிச்சேன். கையெழுத்தைக் கண்ட இடத்துல வச்சுட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

யட்டவத்த பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு பத்தொன்பது ஒன்றையும் தட்டிப் பார்த்தேன். அது முதன்மை எண்ணாம். எதாலயும் உடையாது. அடுத்ததா நின்னது அதுதான். பதினேழை முடிச்சிட்டு அதுல இறங்கியிருந்தா, ஆயுசு முழுக்க ரெண்டு பேரும் பிளேன்டி குடிச்சுக்கிட்டு வகுத்துக்கிட்டே இருந்திருக்கலாம். எனக்கு அழுகையா வந்துச்சு. கண்டக்டர் மிச்சக் காசை நீட்டிக்கிட்டே நின்னார்.

யட்டவத்தையில

வீட்டு முத்தத்துல மிளகு காயுது. சித்தீக் நானா தடியூன்றி வந்து பார்த்தார். அடையாளம் கண்டதும், "வாங்க டீச்சர், உள்ளுக்கு வாங்க"ன்னு உக்காரக் கதிரையை அவரே இழுத்துப் போட்டார். இந்த மனுஷனுக்கா என்னைப் பிடிக்காம இருந்துச்சுன்னு எனக்கு வெக்கமாப் போச்சு.

பரீதா டீச்சர் எங்கன்னு கேட்டேன். தங்கச்சி மவுத்தாகி நாலஞ்சு வருஷமாச்சுன்னு சொன்னார். கடைசியா நெஞ்சுல சளி கட்டி, கொஞ்ச நாள்தான் படுக்கையில இருந்தாங்களாம்.

இத்தா இருந்த அந்த நாலு மாசமும் அறைக்குள்ள விடிஞ்சா அடைஞ்சா வகுத்துக்கிட்டேதான் இருந்தாங்கன்னும் அவர்தான் சொன்னார். புருஷனை நினைச்சு மனசு நிக்காதப்போ அதுதான் பிடிமானமா இருந்திருக்கு. வேன்ல ஏறினதும், "டீச்சர்ட கையில கணக்கைக் குடுத்துட்டேன் நானா, இனி அவங்க வருவாங்க"ன்னாங்களாம். வீட்டுக்கு போன் வந்த பிறகு மணி அடிச்சா எட்டிப் பார்ப்பாங்களாம்.

"ஆளனுப்பி டீச்சரைக் கூட்டி வரச் சொல்லவான்னு எத்தனை தரம் கேட்டீப்பேன்," அப்படின்னார் நானா. "கேட்கப்படாதாம். முதல் மார்க்கர் ரெண்டாவது மார்க்கர்கிட்ட கேட்கப்படாதாம். என்னமோ சட்டமாம்."

எனக்குக் கோபம்தான் வந்துச்சு, செத்தவங்க மேலயே. அடியே பரீதா, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? "காரணி"ன்னு ஒத்தை வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? நான் போட்ட சட்டத்தை நானே மறந்து நின்னப்போ, உனக்கு மட்டும் எதுக்கு அந்த நேர்மை? உயிரோட இருந்த காலத்துல ஒரு நாளும் அவங்களை ஒருமையில கூப்பிட்டதில்ல. அன்னைக்குத்தான் மனசுக்குள்ள கூப்பிட்டேன்.

ஏழு இலக்கம் கையில கிடைச்சா வகுத்துப் பார்ப்பாங்கன்னு ஒரு கணக்கு டீச்சரை நம்பியிருக்காங்க. நான் டயல் பண்ணிப் பார்த்திருக்கேன்.

நானாகிட்ட ஒரு பேனை கேட்டேன். கலண்டர்ல கிழிச்ச தாளொண்ணைக் குடுத்தார். அதோட முதுகுல பதினேழு ஒன்றையும் எழுதி, 2071723ஆல வகுக்கத் தொடங்கினேன். போன் சொன்னது போதாதான்னு நீங்க கேட்கலாம். போதாது, ரெண்டாவது ஆள் தன் கையால போடணும். அஞ்சு, மூணு, ஆறு, மூணுன்னு இறங்கிக்கிட்டே வந்துச்சு. ஒரு இடத்துல தப்பாக் கழிச்சு, அடிச்சுத் திருத்தினேன். நானா மிளகைக் கிளறி விட்டுட்டு வந்து, எதிர்ல உக்காந்திருந்தார். கடைசி ஒன்றை இறக்கினப்போ 14502061 நின்னுச்சு. ஏழு தடவை பெருக்கினேன். 14502061. கழிச்சேன்.

எந்திரிச்சப்போ பொழுது சாயத் தொடங்கியிருந்துச்சு. பஸ் ஹோல்ட் வரைக்கும் கூட வந்தார். நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுட்டு தங்கச்சியை அடக்கின மையவாடிக்குப் போய் அவளுக்கு துஆ கேட்பேன், ஒவ்வொரு வெள்ளியும் போறதுதான்னு சொன்னார். கொஞ்சம் தயங்கிட்டு, "ஏதாச்சும் சொல்லணுமா டீச்சர்?"ன்னு கேட்டார்.

"மீதி பூச்சியம்னு சொல்லுங்க நானா."

அவருக்கு விளங்கல. ஆனாலும் என் கண் முன்னாலயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டார். சரியாத்தான் சொன்னார்.